வேலையை விட்டு நகை செய்யப் போகலாமா? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

அலுவலகத்தில் மூச்சு முட்டுகிறது. ராத்திரி கம்பியையும் குறட்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் மட்டும் மனசு அடங்குகிறது. இந்த நிலையில் இருப்பவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக்கிக்கொள்ளலாமா?

ஒரு கேள்விபோலத் தெரிந்தாலும் இதற்குள் இரண்டு இருக்கின்றன. இந்த வேலையிலிருந்து வெளியேற வேண்டுமா என்பது ஒன்று. நகை செய்து பிழைக்க முடியுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஆமாம் என்று பதில் கிடைத்த வேகத்தில் இரண்டாவதற்கும் ஆமாம் போட்டுவிடுகிறோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வேலைச்சோர்வைத் தன் நோய்ப்பட்டியலில் நோய் என்று சேர்க்காமல், பணிச்சூழலோடு தொடர்புடைய நிலை என்று சேர்த்தது. அதன் அடையாளங்களாகச் சொன்னவை மூன்று: சக்தி வற்றிப்போவது, வேலைமீது வெறுப்போ விலகலோ வருவது, செய்யும் வேலையில் திறன் குறைந்ததாக உணர்வது. இந்த மூன்றும் இருக்கும்போது எந்தக் கைவேலையும் சொர்க்கமாகத்தான் தெரியும். சொந்தத் தொழிலில் இரண்டாம் வருடமும் அது அப்படியே தெரியுமா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு: உடனே ராஜினாமா செய்வது, வேலையில் இருந்தபடியே மாலையிலும் வாரக்கடைசியிலும் பழகுவது, பகுதிநேரத்துக்கோ இலகுவான வேறு வேலைக்கோ மாறுவது, மூன்று மாதம் விடுப்பு எடுத்துச் சோதித்துப் பார்ப்பது. அவற்றை நிறுக்கும் முன், எதைக்கொண்டு நிறுப்பது என்று முடிவு செய்துகொள்வோம்.

## எதை வைத்து அளப்பது

ஒரு நகைக்கு எத்தனை மணிநேரம். மற்ற எல்லா அளவுகோலையும்விட இதற்குத்தான் முதலிடம் கொடுக்க வேண்டும். சொந்தமாகத் தொழில் நடத்துபவர் வாரம் 40 மணிநேரம் உழைத்தால் அதில் பாதியாவது படம் எடுக்க, செய்திகளுக்குப் பதில் சொல்ல, பொட்டலம் கட்ட, கணக்கு எழுத, பொருள் வாங்கப் போய்விடும். பட்டறை மேசைக்கு மிஞ்சுவது 20 மணிநேரம், மாதத்துக்குச் சுமார் 80. கல் பதித்த ஒரு வெள்ளி மோதிரத்துக்கு உங்களுக்கு 5 மணிநேரம் ஆனால் மாதம் 16 மோதிரம். இரண்டரை மணிநேரத்தில் முடித்தால் 32.

இப்போது வருமானத்தைப் பாருங்கள். மோதிரத்தின் விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி, கல், தேய்பொருள் எல்லாம் சேர்ந்து 25. கடையில் வைத்து விற்றால் கடைக்காரர் 40 எடுத்துக்கொள்வதாக வையுங்கள், உங்கள் கைக்கு 35 மிஞ்சும். நீங்களே நேரடியாக விற்றால் விற்பனைத் தளக் கட்டணம், அனுப்பும் செலவு என 15 போய் 60 மிஞ்சும். உங்கள் மாதச் செலவு பத்து மோதிரத்தின் விலைக்குச் சமம் என்றால், கடை வழியாக 29 மோதிரமும் நேரடியாக 17 மோதிரமும் விற்றாக வேண்டும். வரியும் கருவித் தேய்மானமும் இதில் சேரவில்லை. ஐந்து மணிநேரக் கை மாதம் 16 செய்யும், நேரடி விற்பனைக்கே ஒன்று குறைகிறது. இரண்டரை மணிநேரக் கைக்கு இரண்டு வழியும் திறந்திருக்கிறது. ஒரே ஆள், ஒரே வடிவம், ஒரே விலை. மாறியது கை வேகம் மட்டும்.

கற்க எத்தனை மணிநேரம். விற்கும் தரத்தில், ஒரே மாதிரி, திரும்பத் திரும்பச் செய்ய வருவதற்குள் மேசையில் 300 முதல் 500 மணிநேரம் போகும் என்று திட்டமிடுங்கள். கம்பி, மணி வேலைக்கு இதில் பாதி போதும். நெருப்பு வேலைக்கு 500-ஐயே வைத்துக்கொள்வது நல்லது.

கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும். சம்பளம் நின்றுவிடும் வழி என்றால், கற்கும் மாதங்கள், விற்பனை சூடு பிடிக்க ஆறு மாதம், எந்தக் காரணத்துக்கும் தொடக்கூடாத மூன்று மாதம், இவற்றைக் கூட்டுங்கள்.

உடம்பும் மனசும். அறுப்பதும் அராவுவதும் மணிக்கட்டைத்தான் முதலில் பதம்பார்க்கும். குனிந்து வேலை செய்தால் கழுத்து போகும். மேசையில் வேலை நடக்கும் மட்டம், உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சு உயரத்துக்கு வர வேண்டும். சாப்பாட்டு மேசை அதற்கு ரொம்பத் தாழ்வு.

திரும்பிப் போக வழி. ஒன்றரை வருடம் கழித்து இது சரிவரவில்லை என்றால் பழைய துறை உங்களைச் சேர்த்துக்கொள்ளுமா? துறைக்குத் துறை பதில் வேறு. உரிமம் புதுப்பிக்க வேண்டிய தொழில்களில் இருப்பவர்கள் இதை முதலில் விசாரிக்க வேண்டும்.

## வழி 1: உடனே ராஜினாமா

இதன் பலம் வேகம். வாரம் 20 முதல் 25 மணிநேரம் மேசையில் உட்கார்ந்தால் 300–500 மணிநேரம் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் முடிந்துவிடும். முதல் நாளே 40 மணிநேரம் உட்காரலாம் என்று கணக்குப் போடாதீர்கள், பழகாத விரல்கள் ஒத்துழைக்காது. தொடர்ச்சியாகச் செய்வதால் கை நினைவு சீக்கிரம் ஏறும். நேற்று பற்றவைப்பு (இரு துண்டுகளை உலோகம் உருக்கி ஒட்டுவது) ஏன் பிடிக்கவில்லை என்பது இன்று காலையில் இன்னும் ஞாபகத்தில் இருக்கும்.

செலவு என்னவென்றால், கெட்டுப்போன ஒவ்வொரு துண்டும் சேமிப்பிலிருந்து போகிறது. சம்பளம் வரும்போது உருகிப்போன மோதிரத்தைப் பாடம் என்று ஏற்க முடிகிறது. வராதபோது அதே மோதிரம் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிறது. பயம் வந்ததும் கற்பவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைச் செய்கிறார்கள்: கை பழகும் முன்பே விற்க ஆரம்பிப்பது. பற்றவைப்பு விட்டுப்போய்த் திரும்பி வரும் மோதிரம் பணத்தோடு பெயரையும் கொண்டுபோகும்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகள்தான் இங்கே அதிகம். முதலாளி கட்டிவந்த மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியப் பங்கும் நின்றுபோகும். சம்பளச் சீட்டு இல்லாமல் கடனோ வாடகை வீடோ கிடைப்பது கடினமாகும். வாடகை வீட்டு ஒப்பந்தமும் வீட்டுக் காப்பீடும் திறந்த தீயையும் எரிவாயு உருளையையும் அனுமதிக்காமல் இருக்கலாம். இதை டார்ச் (தீச்சுடர் பாய்ச்சும் கருவி) வாங்கும் முன் படித்துப் பாருங்கள். எப்போதும் ஆட்களுக்கு நடுவில் இருந்து பழகியவர்களைத் தனிமையும் மூன்றாவது மாதத்தில் தாக்கும்.

இந்த வழி யாருக்குச் சரி? வேலை உடம்பை உண்மையாகவே கெடுக்கிறது, மருத்துவர் நிறுத்தச் சொல்லிவிட்டார், 12 முதல் 15 மாதச் செலவு தனியாக இருக்கிறது அல்லது வீட்டில் இன்னொருவர் வருமானம் அடிப்படைச் செலவைத் தாங்குகிறது என்றால் விடுங்கள். உடம்பை அடகு வைத்துக் காத்திருப்பதில் நியாயம் இல்லை. ஆனால் விட்ட முதல் மாதம் எதையும் செய்யாமல் தூங்கி எழுந்து நடந்து உடம்பைத் தேற்றுங்கள். சோர்ந்த கை டார்ச்சைப் பிடிக்கக் கூடாது.

## வழி 2: வேலையில் இருந்தபடியே

வாரம் 8 மணிநேரம் என்று வைத்தால் 300 மணிநேரத்துக்கு ஒன்பது மாதம், 500-க்குப் பதினாலு பதினைந்து மாதம். நீளம்தான். ஆனால் கருவிகள் சம்பளத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சேரும். விற்றே ஆக வேண்டிய அவசரம் இல்லாததால் ஒரே மோதிரத்தைப் பத்துத் தடவை செய்து பார்க்கலாம்.

இதன் குறை நேரம் துண்டு துண்டாகக் கிடைப்பது. ஒன்றரை மணிநேர மாலையில், எடுத்து வைக்க 15 நிமிடம், ஒழுங்குபடுத்தி மூட 15 நிமிடம் போய்விடும். அதனால் வேலையைப் பிரிக்கக் கற்க வேண்டும். வார நாட்களில் தீ வேண்டாத வேலை: வரைவது, அறுப்பது, அராவுவது, உப்புத்தாள் போடுவது. தீ வேலை எல்லாம் சனிக்கிழமை காலை, மூன்று மணிநேரம் ஒரே மூச்சில். களைத்த இரவில் பற்றவைப்பவர்களின் நகைகள் உருகுவதற்குக் காரணம் பொறுமையின்மை: சூடு சீராகப் பரவும்வரை காத்திருக்கும் அந்த 40 விநாடி களைப்பில் ரொம்ப நீளமாகத் தெரியும்.

மறைவான செலவு, ஓய்வு. அலுவலக அழுத்தத்துக்கு மருந்தாக இருந்த அந்த மாலை நேரம், இலக்கு வைத்துப் பழக ஆரம்பித்ததும் இரண்டாவது வேலையாகிவிடும். வாரத்தில் ஒரு நாளாவது எந்த நோக்கமும் இல்லாமல் விளையாட்டாகச் செய்யுங்கள். இன்னொன்று, வேலை ஒப்பந்தத்தில் வெளி வருமானத்துக்குத் தடை இருக்கிறதா என்று பாருங்கள். பல ஒப்பந்தங்களில் அந்த வரி இருக்கும்.

வேலை கடினம், ஆனால் நேரத்துக்கு முடிகிறது, வீட்டுக்கு வந்தால் கொஞ்சமாவது தெம்பு மிச்சம் இருக்கிறது என்பவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. தினமும் பத்து மணிக்குத்தான் வீடு திரும்புகிறீர்கள் என்றால் இது ஏட்டில் மட்டும் நடக்கும்.

## வழி 3: பகுதிநேரம், அல்லது இலகுவான வேலை

நான்கு வழிகளில் எங்கள் சாய்வு இதன் பக்கம்தான். வாரம் மூன்று நாள் வேலை, மீதியில் 16 மணிநேரம் மேசை என்றால் ஐந்திலிருந்து ஏழரை மாதத்தில் பழகிவிடலாம். அதைவிட முக்கியம், முழு நாள் ஒன்று கிடைக்கிறது. நகை வேலையில் முழு நாளுக்கும் இரண்டு அரை நாளுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பற்றவைத்த நகையைச் சுத்தம் செய்யும் அமிலக் குளியல் சூடாகவே இருக்கும், மேசையை எடுத்து மூட வேண்டாம், ஒன்று ஆறும் நேரத்தில் அடுத்ததை அறுக்கலாம்.

சம்பளம் குறையும் என்பது தெரிந்ததே. தெரியாதது, மூன்று நாள் வேலை பல இடங்களில் ஐந்து நாள் வேலையை மூன்று நாளில் செய்வதாக முடியும். பொறுப்புகள் எவை குறைகின்றன என்று எழுத்தில் வாங்காமல் சம்மதிக்காதீர்கள். குறிப்பிட்ட மணிநேரத்துக்குக் கீழே போனால் காப்பீடு போன்ற சலுகைகள் நின்றுவிடும் இடங்களும் உண்டு, அந்த எல்லையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேறு இலகுவான வேலைக்கு மாறினால் பதவியில் ஒரு படி இறங்க வேண்டியிருக்கும். அதை ஏற்க முடியுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இந்த வழியில் சிலருக்கு எதிர்பாராத ஒன்று நடக்கும். அழுத்தம் பாதியானதும் வேலையை விடும் ஆசையே அடங்கிவிடும், நகை செய்வது மனசுக்கு இதமான கைவேலையாக நின்றுவிடும். அதுவும் நல்ல முடிவுதான். தொழிலாக்கினால்தான் கைவேலைக்கு மதிப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

## வழி 4: மூன்று மாத விடுப்பு

12 வாரம், வாரம் 25 மணிநேரம் என்றால் சரியாக 300 மணிநேரம். வேலை காத்திருக்கும், சோதனையும் நடக்கும். சம்பளமில்லா விடுப்பு கிடைக்கிற இடத்தில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

ஆனால் மூன்று மாதம் கற்கத்தான் போதும், விற்றுப் பார்க்கப் போதாது. விடுப்பு முடிவில் ஒரு நகைக்கு ஆகும் உங்கள் கை நேரம் தெரிந்திருக்கும், வாங்குபவர்கள் இருக்கிறார்களா என்பது தெரிந்திருக்காது. கருவிகளும் அடிப்படை அறுவை, அராவலும் விடுப்புக்கு முன்பே கைக்கு வந்திருந்தால்தான் இது பலன் தரும். கருவி வந்துசேரக் காத்திருந்தே முதல் மாதம் கழிந்துபோவது சாதாரணமாக நடக்கிறது.

## ஒரே பார்வையில்

| | உடனே ராஜினாமா | மாலை நேரம் | பகுதிநேரம் | 3 மாத விடுப்பு |
|---|---|---|---|---|
| வார மேசை நேரம் | 20–25 | 8 | 16 | 25 |
| 300–500 மணிநேரம் முடிய | 3–6 மாதம் | 9–15 மாதம் | 5–7½ மாதம் | 300 மட்டும் |
| கையிருப்பு | 12–15 மாதச் செலவு | 3 மாதம் | 6 மாதம் | 4–5 மாதம் |
| மறைவான செலவு | காப்பீடு, தனிமை, அவசர விற்பனை | ஓய்வு பறிபோவது | வேலை குறையாமல் சம்பளம் மட்டும் குறைவது | சந்தையைச் சோதிக்க நேரமில்லை |
| திரும்பும் வழி | கடினம் | தேவையே இல்லை | எளிது | வேலை காத்திருக்கும் |
| யாருக்கு | உடம்பு தாங்காதவர்களுக்கு | மாலையில் தெம்பு உள்ளவர்களுக்கு | பெரும்பாலானவர்களுக்கு | ஏற்கெனவே அடிப்படை தெரிந்தவர்களுக்கு |

## எந்த வகை நகை என்பது கணக்கை மாற்றும்

நகை என்று பொதுவாகச் சொல்கிறோம். கற்கும் காலமும் முதலீடும் வகைக்கு வகை மாறும்.

கம்பி, மணி வேலையில் நுழைவது எளிது. உருண்டை முனைக் குறடு, தட்டை முனைக் குறடு, வெட்டுக் குறடு, காதுக் கொக்கிக்கு 0.8 மி.மீ. கம்பி, சுற்றுவதற்கு 0.4 மி.மீ. கம்பி போதும். நுழைவது எல்லோருக்கும் எளிது என்பதால் விலையில் போட்டி கடுமை. இதில் ஆரம்பித்து விரலைப் பழக்குங்கள், இதை மட்டும் நம்பி வேலையை விடாதீர்கள். காதில் போடும் எதற்கும் நிக்கல் கலந்த கம்பியைத் தவிர்த்துவிடுங்கள், ஒவ்வாமை புகார்களில் பெரும்பங்கு அதனால்தான்.

வெள்ளிக் களிமண் என்பது நுண்ணிய வெள்ளித்தூளைப் பிசினோடும் தண்ணீரோடும் குழைத்தது. வனைந்து, காயவைத்து, சுட்டால் பிசின் எரிந்து சுத்த வெள்ளி மிஞ்சும். சுடும்போது சுருங்கும், இப்போது கிடைக்கும் பல வகைகள் பத்து சதவீதத்தை ஒட்டிச் சுருங்குகின்றன. மோதிர அளவில் இதை மறந்தால் விரலில் ஏறாது. ஒரு கிராமுக்கான விலை தகட்டைவிட அதிகம், வலு குறைவு. பதக்கத்துக்கும் காதணிக்கும் பொருத்தம்.

மெழுகு வார்ப்பில் நீங்கள் மெழுகில் செதுக்கி, வார்ப்பதை (அச்சில் மெழுகு இருந்த இடத்தில் வெள்ளியை ஊற்றுவதை) வெளியே கொடுத்துவிடலாம். மெழுகின் எடையைப் பத்தரையால் பெருக்கினால் வெள்ளி எவ்வளவு ஆகும் என்று கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். தீயே இல்லாமல் வீட்டில் செய்ய விரும்புகிறவர்களுக்கும், ஒரே வடிவத்தை இருபது முப்பது தடவை விற்க நினைப்பவர்களுக்கும் இது நல்ல வழி. வார்ப்பையும் வீட்டிலேயே செய்ய நினைத்தால், அச்சு மாவில் சிலிக்கா இருக்கிறது, அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆபத்து. முகமூடியும் தனி இடமும் இல்லாமல் வேண்டாம்.

நான்காவது, தகடும் பற்றவைப்புமான பட்டறை வேலை. கற்க அதிக நேரம் பிடிப்பதும் இதுதான், உங்களுக்கென்று ஒரு கைரேகை உருவாவதும் இதில்தான்.

## ஒரு மோதிரத்தை நெருங்கிப் பார்த்தால்

தானாகக் கற்பவரின் மணிநேரம் எங்கே போகிறது என்பதற்கு, கல் பதித்த ஒரு சாதாரண வெள்ளி மோதிரமே போதும்.

வளையத்துக்கான நீளம்: உள் விட்டத்தோடு தகட்டின் தடிமனைக் கூட்டி 3.14-ஆல் பெருக்குங்கள். உள் விட்டம் 17 மி.மீ., தடிமன் 1.5 என்றால் 58.1 மி.மீ. தடிமனைக் கூட்ட மறந்து 53.4-இல் வெட்டியவர்களின் மோதிரம் விரலில் ஏறவே ஏறாது.

அறுக்கும் ரம்பத்தில் பற்கள் கைப்பிடியைப் பார்த்துக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். தகட்டின் தடிமனுக்குள் குறைந்தது மூன்று பல்லாவது பதிய வேண்டும், இந்தத் தடிமனுக்கு 2/0 எண் ரம்ப அலகு சரியாக வரும். சுண்டினால் டிங் என்று கேட்கும் அளவுக்கு இழுத்து மாட்டுங்கள். முதல் மாதத்தில் டஜன் டஜனாக உடையும். பெரும்பாலும் உடைவது திருப்பங்களில், தள்ளுவதால். நின்ற இடத்தில் மேலும் கீழும் அசைத்துக்கொண்டே திருப்ப வேண்டும்.

வளையத்தின் இரு முனையும் சேரும் இடத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒளிக்கீற்று தெரிந்தால் மறுபடியும் அராவ வேண்டும். பற்றாசு (மூட்டை ஒட்ட உருக்கும் உலோகம்) இடைவெளியை நிரப்பாது. பற்றவைப்பு தோற்பதற்கு முதல் காரணம் இது, இரண்டாவது அழுக்கு, மூன்றாவதுதான் தீ.

92.5 சதவீத வெள்ளி 800 டிகிரி செல்சியஸை ஒட்டி இளக ஆரம்பித்து 890 சுமாருக்கு முழுதாக உருகிவிடும். கடினப் பற்றாசு (அதிகச் சூட்டில் உருகும் வகை) 780-ஐ நெருங்கி ஓடும். ஆக, வெற்றிக்கும் உருகிப்போவதற்கும் இடையே சில பத்து டிகிரிதான். மூட்டில் பூசிய வெண்காரம் முதலில் பொங்கி வெளுக்கும், பிறகு கண்ணாடிபோலத் தெளியும். அது தெளிந்தபின் கவனம் முழுக்க மூட்டின்மேல் இருக்கட்டும். தீயைப் பற்றாசின்மேல் காட்டாதீர்கள். மோதிரம் முழுவதையும் சூடாக்குங்கள், பற்றாசு சூடு இருக்கும் பக்கம் தானாக ஓடும். எல்லா உலோகங்களிலும் வெப்பத்தை வேகமாகக் கடத்துவது வெள்ளிதான், ஒரு மூலையில் மட்டும் சுட்டால் சூடு பரவி ஓடிவிடும். சின்ன பியூட்டேன் டார்ச் மோதிரத்துக்குப் போதும், அகலமான காப்புக்குப் போதாது, அதற்குக் காரணமும் இதுவே.

கல்லைப் பிடிக்கும் சுவருக்கு 0.3 மி.மீ. சுத்த வெள்ளிப் பட்டை. சுவரின் மூட்டு கடினப் பற்றாசில், சுவரை அடித்தகட்டோடு சேர்ப்பது நடுத்தரத்தில், வளையத்தோடு சேர்ப்பது எளிதில் ஓடும் பற்றாசில். வரிசை மாறினால் பின்னால் வரும் சூட்டில் முன்னால் போட்ட மூட்டு பிரியும். மெல்லிய சுவர் தடித்த தகட்டைவிட முன்பே சூடேறி உருகிவிடும் என்பதால் தீ கீழிருந்தும் ஓரத்திலிருந்தும் வர வேண்டும். பழைய மலிவான பற்றாசுகளில் காட்மியம் இருக்கலாம், அதன் புகை நஞ்சு. காட்மியம் இல்லை என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள், ஜன்னலைத் திறந்து வைத்தே வேலை செய்யுங்கள்.

அமிலக் குளியலில் இரும்புச் சாமணத்தை விட்டால் வெள்ளி முழுக்க இளஞ்சிவப்பாகச் செம்பு படியும். செம்புச் சாமணமோ பிளாஸ்டிக்கோ பயன்படுத்துங்கள். குளியல் கலக்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தைச் சேர்க்க வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது.

கல்லைக் கடைசியாக, தீ வேலை எல்லாம் முடிந்தபின்தான் பதிக்க வேண்டும். முத்து, ஓபல், டர்க்காய்ஸ் போன்றவை சூடு தாங்காது. சரியாக உட்காருகிறதா என்று பார்க்கும்போது கல்லுக்கு அடியில் பல் இடுக்கு நூல் ஒன்றைப் போட்டு வையுங்கள், இழுத்தால் கல் வெளியே வரும். இல்லாவிட்டால் சுவரை நெம்பித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

மெருகு ஏற்றும்போது சாம்பல் ஊதா நிறத் திட்டு தெரிந்தால் அது அழுக்கல்ல. வெள்ளியில் கலந்திருக்கும் செம்பு சூட்டில் ஆக்சைடானது. உப்புத்தாள் 400-க்குத் திரும்பிப் போய்த் தேய்த்து, 600, 1200 என்று மறுபடி ஏற வேண்டும். ஒரு மணிநேரம் அங்கேயே போய்விடும். சூடாக்கும் முன்பே போரிக் அமிலக் கரைசலில் முக்கினால் இது பெரிதும் குறையும்.

பழகும்போது செம்புத் தகட்டிலேயே செய்யுங்கள். விலை குறைவு, உருகுநிலை 1085 டிகிரி என்பதால் சட்டென்று உருகாது. ஆனால் செம்பில் மட்டும் பழகி நேரே வெள்ளிக்கு வந்தால் தீ அதிகமாகிவிடும். பத்து செம்பு மோதிரத்துக்கு ஒரு வெள்ளி மோதிரம் என்று கலந்து பழகுவது நல்லது.

தகட்டை மெலிதாக்கும் உருட்டு இயந்திரமும் மீயொலிக் கழுவியும் முதல் வருடத்துக்கு வேண்டாம். 0.01 கிராம் காட்டும் தராசும் நல்ல அளவுமானியும் முதல் வாரத்திலேயே வேண்டும். ஆறு கிராம் மோதிரத்துக்கு எட்டு கிராம் வெள்ளி வாங்கியிருப்பீர்கள். சுத்தமான வெட்டுத் துண்டை ஒரு டப்பாவிலும், பற்றாசு கலந்த அரத்தூளை இன்னொன்றிலும் போடுங்கள். கலந்துவிட்டால் சுத்திகரிப்பவர் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குறைவாகத்தான் தருவார். மேசைக்கு அடியில் ஒரு தோலோ துணியோ கட்டித் தூளைப் பிடிப்பது சேதாரத்தைக் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறைக்கும்.

எல்லாவற்றையும் தனியாகத்தான் கற்க வேண்டும் என்ற பிடிவாதமும் தேவையில்லை. பற்றவைப்புக்கு மட்டும் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தால் பல மாதத் தடுமாற்றம் மிச்சம். தீயின் நிறத்தை எந்தக் காணொளியும் சரியாகக் காட்டுவதில்லை, கேமரா அதை மாற்றிவிடுகிறது.

## ராஜினாமா கடிதத்துக்கு முன் ஒரு சோதனை

எந்த வழியில் போனாலும் இதைச் செய்யுங்கள். நீங்கள் விற்க நினைக்கும் வடிவங்களில் ஒன்றை எடுத்து, அதே மோதிரத்தைப் பத்துத் தடவை செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் அறுக்க, பற்றவைக்க, அராவ, மெருகேற்ற, கல் பதிக்க ஆன நிமிடங்களைத் தனித்தனியாக எழுதுங்கள். கெட்டுப்போனவற்றின் நேரத்தையும் சேர்த்து, தேறியவற்றின் எண்ணிக்கையால் வகுங்கள். பத்தில் எட்டு தேறி, மொத்தம் 40 மணிநேரம் ஆகியிருந்தால் உங்கள் கை நேரம் 5 மணி. நாலு அல்ல.

அந்த எட்டையும் நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் கொடுக்காமல், உங்களைத் தெரியாதவர்களிடம் முழு விலைக்கு விற்க முயலுங்கள். மூன்று மாதத்தில் எட்டும் விற்காவிட்டால் வடிவமோ விலையோ படமோ எங்கோ இடறுகிறது, அதைச் சம்பளம் வரும்போதே சரிசெய்வது எளிது. விற்றவற்றில் எத்தனை அளவு மாற்றவோ பழுது பார்க்கவோ திரும்பி வந்தன என்றும் குறித்துக்கொள்ளுங்கள். 92.5 சதவீத வெள்ளி என்று காட்டும் 925 போன்ற தர முத்திரைகளுக்கான சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, முதல் விற்பனைக்கு முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.

கை நேரம் மூன்று மணிக்குக் கீழே வந்து, தெரியாதவர்கள் தொடர்ந்து வாங்கி, கையிருப்பு மேலே சொன்ன மாதங்களைத் தாங்கினால் கடிதத்தை எழுதலாம். மூன்றில் ஒன்று குறைந்தால் பகுதிநேரம் கேளுங்கள். இரண்டு குறைந்தால் வேலையைத் தொடர்ந்துகொண்டு, அடுத்த பத்து மோதிரத்துக்கான செம்புத் தகட்டை வாங்கி வையுங்கள்.